பின் போர்ஷன் மராமத்து

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முதலில் வாங்கியது பெரிது, அடுத்தது சிறிது. மூன்றாவதைக் கத்தியால் செதுக்கித் திணித்தேன். இப்போது சொட்டவில்லை, ஆனால் குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும். மொபைல் வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே இதைச் செய்து முடித்தான். அது அவன் சொந்த வீட்டுக் குழாயாக இருக்கும்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுங்க" என்றார் டாக்டர். அப்பா அதை நல்ல செய்தி போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அனுப்பிவிட்டார்கள் என்றால் தேறிவிட்டாள் என்றுதானே அர்த்தம்.

ஆட்டோவில் வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம், அந்தக் கொழாய மொதல்ல பாரு" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

கொளத்தூரில் நாங்கள் இருப்பது ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளம். மூன்று போர்ஷன், மூன்றுக்கும் ஒரே நடைபாதை. எங்களுடையது கடைசி. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை. மாடியில் ஓனரம்மா ஜெகதாம்பாள். அவர் புருஷன் போனதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறார். நாங்கள் தும்மினால் மேலே கேட்கும். அவர் அப்பளம் பொரித்தால் எங்களுக்குக் கேட்கும்.

போன வருஷம் நடு போர்ஷன் பலராமன் தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் ஓனரம்மா கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டார். "வாடகை வீட்ல எல்லாம் பொணம் எறக்கக் கூடாது. அப்புறம் எவன் குடி வருவான்?" தெருவில் தார்ப்பாய் கட்டி, சாக்கடை ஓரமாகப் படுக்க வைத்தார்கள். தெருவில் வைத்தே குளிப்பாட்டினார்கள். தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்தக் குடும்பம் காரியம் முடிவதற்குள் காலி செய்துவிட்டது. தெருவில் ஒருவன் கூட இது அநியாயம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அன்று வேடிக்கையாகச் சொன்னாள்: "என்ன இப்டிப் போட்டீங்கன்னா நான் எழுந்து நடந்தே சுடுகாட்டுக்குப் போயிடுவேன்."

இன்று கஞ்சி கொடுக்கும்போது வேடிக்கை இல்லாமல் சொன்னாள். "செழியா, என்னத் தெருவுல மட்டும் படுக்க வெச்சிராத."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. கஞ்சியக் குடி" என்றேன்.

கதவுத் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. எண்ணெய் விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

காஜாவின் அண்ணனிடமிருந்து டிரில் மெஷின் வாங்கி வந்தேன். காஜா பள்ளியிலிருந்தே என்னோடு இருப்பவன், ஆட்டோ ஓட்டுகிறான். "மச்சி, நீ ஆணி அடிச்சாலே செவுரு அழும். ஒனக்கு டிரில்லா?" என்றான்.

அம்மாவின் மருந்துகளை வைக்க ஷெல்ஃப் போடுவது திட்டம். பூச்சு உதிர்கிறது. உள்ளே செங்கல் இல்லை, மணல்தான் இருக்கிறது. ஓட்டை போட்டால் ஸ்க்ரூ நிற்கவில்லை, தீக்குச்சி செருகி நிறுத்தினேன்.

ஓனரம்மா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "இன்னா தம்பி, வீட்ட இடிக்கிறியா?"

"ஷெல்ஃப் போடறேன் ஓனரம்மா."

"போடு போடு. காலி பண்ணச் சொல்ல ஓட்டையெல்லாம் அடச்சிக் குடுத்துடணும்."

"அடச்சிடறேன்."

உள்ளே அம்மா முனகினாள். நான் மறுபடி பட்டனை அழுத்தினேன். அம்மாவுக்கு மதியத்தில்தான் கொஞ்சம் வலி வருகிறது. சுவர் வேலையை மதியத்தில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் சௌகரியம்.

ஜூன் 13, வெள்ளி

ஷெல்ஃப் விழுந்துவிட்டது. பரவாயில்லை. மறுபடி ஓட்டை போடலாம்.

ஜூன் 17, செவ்வாய்

ஓனரம்மா கீழே வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வாங்க" என்று சிரித்தாள்.

"இன்னா பூங்காவனம், இப்டி எளச்சிட்ட?"

"மஞ்சக்காமாலைம்மா. எறங்கிடுச்சி" என்றார் அப்பா. அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் நைட் வாட்ச்மேன். பொய் சொல்லும்போது வேலையில் இருப்பதுபோல விறைப்பாக நிற்பார்.

சாயங்காலம் ஓனரம்மாவே கீழாநெல்லி பறித்து வந்து கொடுத்தார். எங்கேயோ ரயில்வே லைன் ஓரம் வரை போய்த் தேடியிருக்கிறார். இதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முழுக்கக் கெட்டவராக இருந்து தொலைத்தால் என்ன?

போகும்போது என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு வயசாச்சு. எனக்குப் பாக்கத் தெரியும். இது காமாலை இல்ல. உங்களுக்கு சொந்த ஊரு எது?"

"இதான்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் இதான்."

"ஊர்ப் பக்கம் யாராவது இருந்தா கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்குச் சொன்னேன். ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிக்கோங்க. நான் கெட்டவ இல்ல, இந்த வாடகையிலதான் சாப்பிடறேன்."

ஆக, செத்துப்போவதற்கு ஒரு சொந்த ஊர் வேண்டும். மூன்று தலைமுறையாக இந்த நகரத்துக்குச் சாக்கடை தோண்டி, மூட்டை தூக்கி, மண்டபத்துக்குக் காவல் காத்த குடும்பம். பிணத்தை இறக்க ஆறடி நடைபாதை கிடையாது.

ஜூன் 18, புதன்

வீடு தேடினேன். புரோக்கர் எல்லாரும் ஒரே வரிசையில்தான் கேட்கிறார்கள். எத்தனை பேர், என்ன ஆளுங்க, கவிச்சி உண்டா, கடைசியாக, "முடியாதவங்க யாராவது இருக்காங்களா ப்ரோ?"

இருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப கஷ்டம் ப்ரோ. அவங்க சரியானதும் சொல்லுங்க."

ஜூன் 22, ஞாயிறு

அப்பாவிடம் ஒரு திட்டம் இருக்கிறது. பல் துலக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆடி வரைக்கும் தள்ளிட்டோம்னு வெச்சிக்க, அப்புறம் கவல இல்ல. ஆடியில எவனும் வீடு மாற மாட்டான். நம்மள அனுப்பிட்டு ஒரு மாசம் போர்ஷனப் பூட்டி வெக்க ஓனரம்மாவுக்கு மனசு வராது. ஆவணியில பாத்துக்கலாம்."

"ஆவணியில என்ன ஆகும்?"

"அதுக்குள்ள உங்கம்மா எழுந்துட மாட்டாளா?"

வாயில் பேஸ்ட் நுரை. என் முகத்தைப் பார்க்காமல் கொப்பளிக்கப் போய்விட்டார். 

ஷெல்ஃபை மூன்றாம் முறையாக மாட்டினேன். இப்போது கொஞ்சம் சாய்வு. மாத்திரை அட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து ஒன்றாகிவிடுகின்றன.

ஜூன் 26, வியாழன்

ஹாலுக்கு டிஸ்டம்பர் அடித்தேன். பெயிண்ட் ஓனரம்மா கொடுத்தது, காலியாகக் கிடக்கும் முன் போர்ஷனுக்கு அடித்து மிஞ்சியது, ரோஸ் கலர். வீட்டை அழகுபடுத்துகிறவனை யார் விரட்டுவார்கள் என்பது என் கணக்கு. அதோடு பெயிண்ட் நாற்றத்தில் மற்ற நாற்றம் தெரியாது.

அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வயித்துவலி மருந்து கலர்ல இருக்குதுடா."

"நல்லாத்தான் இருக்குது."

"அந்த மூலையில விட்டுட்ட பாரு."

மூலையில் விட்டிருந்தேன். அங்கே மறுபடி அடித்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். இப்படி அவள் ரொம்ப நேரம் பேசி பல நாள் ஆகிறது. முடித்துவிட்டுத் திரும்பியபோது கண்ணை மூடியிருந்தாள். கிட்டே போய் மூக்கருகில் கையை வைத்துப் பார்த்தேன். "தூங்கல. பெயிண்ட் கை, எடு" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

இதுவரை நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இன்றுதான். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் பழுக்கக் காய்ச்சிய கத்தியால் வட்டமாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, கீழே பக்கெட் வைத்தேன். நடைபாதைக் கோடியிலிருக்கும் பொதுக் கக்கூசுக்கு இனி அம்மா போக வேண்டியதில்லை. நடு போர்ஷன்காரர்கள் அவளைப் பார்க்க வேண்டியதுமில்லை. ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் இதற்குக் கேட்ட விலையை எழுத மனமில்லை.

அம்மா உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் நாற்காலிக் கைமேல் வைத்து நிமிர்ந்து, "மந்திரி, மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்றாள்.

அப்பா சிரித்து இருமி, வெளியே போய்விட்டார்.

ஜூலை 4, வெள்ளி

நாற்காலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதில் உட்கார அம்மாவால் இனி முடியாது.

ஜூலை 6, ஞாயிறு

டிரில்லின் நுனி உடைந்தது. மதியம் சுத்தியலால் சும்மா சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கால் சென்டரிலிருந்து டீம் லீடர் கூப்பிட்டார். கடன் கட்டாதவர்களுக்குப் போன் செய்து மிரட்டும் வேலை என்னுடையது. ஒரு மாதமாகப் போகவில்லை. "ஆர் யூ கமிங் ஆர் நாட், செழியன்?" என்றார். அவர் ஊர் திருத்தணி. "இல்ல சார்" என்று தமிழில் சொன்னேன்.

பகலைச் சமாளித்துவிடலாம். சாயங்காலத்தில் மாடியில் சீரியல் ஓடுகிறது, அதுவும் பரவாயில்லை. டிவி நின்றபிறகு அம்மா துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்கிறாள். நேற்று துண்டைப் பிடுங்கிப் போட்டேன்.

"கத்தும்மா. யார் வந்து என்ன கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

கத்தவில்லை. துண்டுக்காகக் கையை நீட்டினாள். "அவ காதுல விழும்டா" என்றாள்.

கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

ஒரே புழுக்கம். ஜன்னல் கொக்கியைச் சரி செய்தேன். அம்மா இன்று தண்ணீர் மட்டும்தான், அதுவும் பஞ்சில் நனைத்து. ஆடிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

இன்று எந்த வேலையும் செய்யவில்லை.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பா ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள். என் கை அவள் முதுகுக்கு அடியில் இருந்தது, புரட்டிப் படுக்க வைப்பதற்காக. சத்தம் எதுவும் இல்லை. நானும் சத்தம் போடவில்லை. இந்த வீடு எங்களைப் பழக்கியிருந்தது.

அப்பா டூட்டி முடிந்து வந்தார். யூனிபார்மைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆஸ்பத்திரியில போனதா இருக்கட்டும்."

"என்னப்பா சொல்ற?"

"இங்கன்னு தெரிஞ்சா தூக்கி வெளிய வெக்கச் சொல்லுவா. பாத்தல்ல, பலராமனை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா அங்கேர்ந்து வண்டியிலயே நேரா சுடுகாடு. தெருவே வேணாம். அவ கேட்டது அது ஒண்ணுதான?"

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மேலே போய் ஓனரம்மாவோடு சண்டை போடுவேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் எனக்குத் தோன்றியதெல்லாம் அப்பா சொல்வது சரி என்பதுதான்.

ஓனரம்மா வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கோயிலுக்குப் போவார். அதுவரை காத்திருந்தோம். அப்பா அம்மாவுக்குத் தலை வாரினார், பவுடர் போட்டார். பச்சைப் புடவையைச் சுற்றினோம். கொரோனா காலத்து மாஸ்க் ஒன்று கிடந்தது, அதை மாட்டினோம். கேட் சத்தம் கேட்டதும் காஜாவுக்குப் போன் செய்தேன். அவன் வந்து பார்த்தான். ஆளுக்கொரு பக்கம் தோளுக்கு அடியில் கை கொடுத்து, அவள் நடக்கிற மாதிரியே நடைபாதையில் கொண்டுபோனோம். பலராமன் தாத்தா இருந்த நடு போர்ஷனுக்குப் பிறகு குடிவந்த பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று நகர்ந்து வழி விட்டாள்.

ஆட்டோவில் அப்பாவின் தோளில் சாய்த்து உட்கார வைத்தோம். காஜா கிளப்பும்போது எதிரில் ஓனரம்மா. கோயிலில் அன்று கூட்டம் இல்லையாம்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"செக்கப்புக்கு" என்றேன்.

"பூங்காவனம், நல்லா தூங்கறியா?"

"மாத்திர போட்டிருக்கும்மா" என்றார் அப்பா.

ஓனரம்மா கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஆட்டோவுக்குள் குனிந்து அம்மாவின் நெற்றியில் குங்குமம் வைத்தார். விரல் நெற்றியிலேயே ஒரு கணம் நின்றது.

"ஜில்லுனு இருக்காளே."

"காய்ச்சல் விட்டிருக்கும்மா" என்றார் அப்பா.

"அம்மா காப்பாத்துவா. போய்ட்டு வாங்க."

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். என்னைவிடச் சின்னவளாக இருக்கலாம். அம்மாவின் தாடையைத் தொட்டாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை.

"எப்பலேர்ந்து மூச்சு இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "இப்பத்தாம்மா. வர்ற வழியில. சிக்னல்ல நிக்கச் சொல்ல தண்ணி கேட்டா. குடுக்கறதுக்குள்ள..."

தண்ணீர் கேட்டதாகக் கூடச் சொன்னார். ஓனரம்மாவுக்காகத் தயார் செய்த பொய். அதை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ எழுதினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"உடம்பு கட்டையா இருக்கு. வழியில போச்சுங்கற. யார்கிட்ட கத வுடற? வீட்ல இன்னா பிரச்சின? சொத்தா?"

அந்த வார்த்தைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நோய், ஓனரம்மா, தார்ப்பாய், கேட். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் காட்டினேன்.

அவர் நம்பினார். அதுதான் கொடுமை. "நானும் வாடகை வீடுதான்" என்றார். "ஏரியா டாக்டர் ஒருத்தர வீட்டுக்குக் கூப்ட்டு சர்டிபிகேட் வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். இப்ப ஒங்கப்பா சொன்னத டாக்டரம்மா எழுதிட்டாங்க. சந்தேகம்னு போட்டாச்சு. இனிமே அறுத்துப் பாக்காம குடுக்க மாட்டாங்க."

அப்பா அவர் காலில் விழுந்தார். அவர் விலகிக்கொண்டார். "எந்திரிங்க பெரியவரே. என் கையில இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம்தான் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் இறுக்கிச் சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. நெற்றிக்கு மேலே தையல். குளிப்பாட்ட வேண்டும் என்று அப்பா கேட்டார். பிரிக்கக் கூடாது என்றார் அங்கிருந்தவர். சுடுகாட்டில் காஜா ஒரு கேன் தண்ணீர் வாங்கி வந்தான். அப்பா துணிக்கு மேலேயே ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது.

தெருவில் படுக்க வைக்கவில்லை. அதை மட்டும் செய்துவிட்டோம்.

ஜூலை 16, புதன்

ஓனரம்மா துக்கம் விசாரிக்க வந்தார். இந்த வீட்டில் சாவு நடக்கவில்லை அல்லவா, அதனால் தயங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா படுத்திருந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். வேறு இடம் ஹாலில் இல்லை.

அழுதார். நடிப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

"என் கையால குங்குமம் வாங்கிட்டுப் போயிருக்கா பாரு. சுமங்கலியா போற பாக்கியம் எல்லாருக்கும் வருமா? தெருவுல எல்லார் கிட்டயும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். நீங்கள் குங்குமம் வைத்தது பிணத்துக்கு, உட்கார்ந்திருப்பது அவள் செத்த இடத்தில். வாய்வரை வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. ஒரு வாட்ச்மேன் கதவருகே நின்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீங்க எங்கயும் போக வேணாம்" என்றார் ஓனரம்மா. "ரெண்டு ஆம்பளைங்க, என்ன தொந்தரவு. தம்பியும் வீட்ட இழைச்சி வெச்சிருக்கு. இருங்க."

நான் எழுந்துபோய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

நாளைக்கு ஆடி ஒன்று.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவின் படம் தயாராகி வந்தது. காஜா அக்கா கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் இருந்தவர்களை வெட்டிவிட்டு, பின்னால் நீல வானம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சிரிக்கிறாள். யாரோ ஒருத்தியின் கை மட்டும் தோளில் மிச்சம் இருக்கிறது.

ஹாலில் வாசலைப் பார்த்து மாட்ட வேண்டும் என்றார் அப்பா. மாட்டினேன். சாய்வில்லாமல் நின்றது. மாலை போட்டார்.

மதியம் ஓனரம்மா நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. முன் போர்ஷன் காலியா இருக்குதில்ல? ஆடி முடிஞ்சதும் ஆளுங்க பாக்க வருவாங்க. மாலை போட்ட படம் வாசல்லேர்ந்தே தெரியுது. இங்க ஏதோ நடந்திருக்குன்னு நெனைப்பாங்க. உள்ள எங்கயாவது வெச்சிக்கோயேன்."

"உள்ளன்னு ஒண்ணு இல்லையே ஓனரம்மா."

"பாத்து வெச்சிக்கோ."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் திரும்பி வருவதற்குள் படத்தைக் கழற்றியிருந்தார். மாலையை எடுத்துவிட்டு, வேட்டியால் கண்ணாடியைத் துடைத்து, பீரோவைத் திறந்து, அவள் புடவை அடுக்கின் மேல் சாய்த்து வைத்தார். கதவை மூடினார்.

ஜூலை 24, வியாழன்

ஒரு மளிகை கோடவுனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பகல் ஷிப்ட். நான் கிளம்புகிற நேரத்தில் அப்பா டூட்டி முடிந்து வருகிறார்.

வந்ததும் முதலில் பீரோவைத் திறக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். என்னப்பா என்று இன்று கேட்டேன். சட்டை எடுக்க வந்தேன் என்றார். அவர் சட்டையெல்லாம் வெளியே கொடியில்தான் கிடக்கிறது.